ஒரு வீட்டுக்கு ஒரு குரல்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், பிரித்தானியாவில் பணிபுரியும் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் தம் வகுப்புத் தோழியர் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் என்பது 2000ஆம் ஆண்டையொட்டி இந்த மண்டபத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய ஒரு வகுப்பு. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் சென்னையிலும் சிதறிக் கிடக்கிறோம். சிலர் இன்னமும் மன்னாரிலேயே இருக்கிறார்கள். எங்கள் வகுப்பின் சாதனைகளைப் பற்றிப் பேசுங்கள் என்று சங்கம் கேட்டது. அதற்குப் பதிலாக, நாங்கள் விட்ட ஒரு தவறைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். பெருந்தன்மையோடு சம்மதித்தார்கள்.

தொலைவில் ஓர் அனர்த்தம் நடக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் விடயம். மன்னாரில் பிறந்தவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. எங்கள் அம்மம்மாமார் காலத்தில் ‘வெளிநாடு’ என்பது தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து 30 கிலோமீற்றர் அளவு தூரத்தில் இருந்தது. 1914 முதல் அந்த வழியாகத்தான் கப்பலும் ரயிலும் சேர்ந்த பயணம். 1964 டிசம்பர் 22ஆந் திகதி, எங்கள் வடபகுதியைக் கடந்து போன புயல் அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயிலை, அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அந்த ஊர் பிறகு எழும்பவே இல்லை.

இங்கேயும் வீடுகள் விழுந்தன, வள்ளங்கள் போயின. ஆனாலும் அம்மம்மாமார் அந்தக் கதையைச் சொல்லும்போது தங்கள் கூரையைப் பற்றிச் சொன்னது குறைவு. ‘அக்கரையில் ஆர் இருக்கினம், ஆர் போயிட்டினம் எண்டு தெரியாமல் இருந்த நாட்கள்தான் பெரிய துன்பம்’ என்பார்கள். கடிதம் வரும்வரை செபமாலை சொன்னார்கள். வந்த பிறகு, கேட்டவருக்குக் கேட்டதை அனுப்பினார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பொறுமையின் பெறுமதி எங்களுக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது.

அடுத்தது 2004. மார்கழி விடுமுறை. நத்தாருக்கு மறுநாள், போயா தினம். காலை 7 மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை எங்கள் கிழக்குக் கரையில் ஏறிவிட்டது. குடாநாடும் தீவின் நிலப்பரப்பும் மறைப்பாய் நின்றதால் மன்னார் தப்பியது. பள்ளிமுனையில் கடல் வழமைபோலவே கிடந்தது. வானொலியில் முல்லைத்தீவு, மருதங்கேணி, கல்முனை, மட்டக்களப்பு என்று ஊர்ப் பெயர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோரும், எல்லா நாடுகளிலுமாக ஏறத்தாழ 2,30,000 பேரும் உயிரிழந்தார்கள்.

எங்களில் இருவர் அப்போது யாழ் மருத்துவ பீட மாணவிகள். வடமராட்சி கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களுக்குப் போனோம். அங்கே எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு பாடசாலை மண்டபத்தில் மலையாய்க் குவிந்திருந்த பொதிகளைப் பிரிப்பது. உள்ளே பனிக்காலக் கோட்டுகள், ஒற்றைச் சப்பாத்துகள், எங்களால் வாசிக்க முடியாத மொழிகளில் பெயர் எழுதிய மாத்திரைகள். அந்தப் பெண்களுக்கு அன்று வேண்டியிருந்தது உள்ளாடை, மாதவிடாய்த் துணி, மூடியுள்ள வாளி, பிள்ளைக்குப் பனடோல். பொதிகளில் அன்பு இருந்தது. அவர்களுக்கு வேண்டிய பொருள் இருக்கவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில், 20 இலட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு ஏறத்தாழ 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. அதில் பெரும்பகுதி அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லை. வந்த மருந்தை அழிப்பதற்கே தனியாகப் பணமும் ஆளும் தேவைப்பட்டன. ‘கேளாமல் அனுப்பாதே’ என்று அன்று நாங்கள் படித்தோம். படித்துவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இனி எங்கள் தவறுக்கு வருகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் தண்ணீருக்குள் நின்றீர்கள். நாங்கள் திரைக்கு முன்னால் இருந்தோம். மலையகத்தில் மண் சரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மன்னாருக்கு மேலே பெய்த மழை ஒரு பங்கு. அநுராதபுரத்தில் பெய்த மழையும் அருவியாற்றின் வழியாக இங்கேதான் வரவேண்டும். அதனால் வானம் வெளித்த பிறகும் தண்ணீர் ஏறியது. வெளிநாட்டில் வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது விளங்கவில்லை. மழை விட்டதென்று ஒரு தரமும், ஊரே போய்விட்டதென்று மறு தரமும் எங்கள் வட்ஸ்அப் குழுவில் எழுதினோம். ஒரு குளக்கட்டு உடைந்துவிட்டதாக வந்த செய்தியை, உண்மையோ என்று பாராமலே நாலைந்து பேருக்குத் தள்ளிவிட்டோம். அது பொய்.

எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா, 74 வயது, ஆற்றுக்குக் கிட்டிய தாழ்ந்த காணியில் தனியாக இருக்கிறார். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர். விடுதியில் இருந்த காலத்தில் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் ஞாயிற்றுக்கிழமைச் சோறு போட்டவர். அதனால் 28ஆந் திகதி இரவு மகள் மட்டும் அழைக்கவில்லை. நாங்கள் எல்லோருமே அழைத்தோம். நான்கு நாடுகளிலிருந்து ஒரே இரவில் 19 அழைப்புகள். பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். மின்சாரம் நின்றுபோன வீட்டில், அவரிடம் இருந்த ஒரே கைத்தொலைபேசியின் உயிரை நாங்கள்தான் குடித்து முடித்தோம்.

விடியற்காலையில் முற்றத்துக்குள் தண்ணீர் வந்தது. வள்ளத்தோடு நின்ற பொடியன்கள், வரவேண்டுமா என்று கேட்க அவருக்கு எடுத்தார்கள். போன் வேலை செய்யவில்லை. ஆச்சி உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்து அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டார்கள். அவரோ கட்டிலின் மேல் இருந்தார். வழமைபோலக் காலை இன்சுலினைப் போட்டுவிட்டார், சமையலறையோ தண்ணீருக்குள். மதியம் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் வந்து பார்த்தபோது, வியர்த்து, வார்த்தை குழறி, அரை மயக்கத்தில் இருந்தார். விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் சீனித் தண்ணீர் பருக்கினான். உயிர் திரும்பியது. இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களில் வைத்தியராய் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அம்மா இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். மன்னிப்புக் கேட்க நாங்கள் போனபோது அவர் சொன்னது இது: ‘பிள்ளையள், நீங்கள் எடுத்தது எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அண்டைக்கு இரவு முழுக்க நான்தானே உங்கள் ஒவ்வொருத்திக்கும் ஆறுதல் சொன்னனான்.’

அன்று முழுவதும் எங்களால் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாங்கள் அவருக்காக அழைத்ததாக நினைத்தோம். உண்மையில் எங்கள் பயத்தை ஆற்றிக்கொள்ளத்தான் அழைத்தோம். 2004இல் பொதிகளை அனுப்பியவர்களைப் பார்த்துச் சிரித்த நாங்கள், 2025இல் அதே வேலையைத்தான் செய்தோம். எங்கள் பொதியில் இருந்தது பதற்றம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் இந்தச் சங்கத்துக்குச் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். அடுத்த புயலுக்கு முன், இந்த ஆண்டே, இவற்றைச் செய்யலாம்.

முதலாவது, ஒரு வீட்டுக்கு ஒரு குரல். வெளிநாட்டில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும், அனர்த்த நேரத்தில் ஊருக்கு எடுப்பவர் ஒருவராக இருக்கட்டும். மற்றவர்கள் அவரிடம் கேட்கலாம். காலையும் மாலையும் குறித்த நேரத்தில், இரண்டு நிமிடம் போதும். முடிந்தால் குறுஞ்செய்தி, அது குறைந்த சார்ஜில், பலவீனமான அலைவரிசையிலும் போய்ச் சேரும். யார் எடுப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். வள்ளம் வைத்திருப்பவரின் இலக்கமும், பக்கத்து வீட்டு இலக்கமும் அந்த ஒருவரிடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு தாள். வீட்டில் உள்ள முதியவரின் நோய், மருந்தின் பெயர், அளவு, கிளினிக் இலக்கம் எல்லாம் எழுதி, இரண்டு வார மருந்தோடு தண்ணீர் புகாத பையில் வைக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், சாப்பாடு இல்லாத நாளில் எவ்வளவு போடுவது என்று தங்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு அந்தத் தாளிலேயே எழுதி வைக்க வேண்டும். பக்கத்திலேயே கொஞ்சம் சீனியும் இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனால் ஈரமான மண்பானைக்குள், தண்ணீர் படாமல் பொதிந்து இன்சுலினை வைக்கலாம்.

மூன்றாவது, உறுதிப்படுத்தாத செய்தியைத் தள்ளிவிடக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990, இரண்டையும் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒட்டுங்கள்.

நான்காவது, கேட்டு அனுப்புதல். பொருள் வேண்டாம், பணத்தை அனுப்புவோம். அதிலும் பாதியை மூன்றாம் மாதத்துக்கு வைத்திருப்போம். முதல் வாரத்தில் எல்லோரும் வருவார்கள். வெள்ளம் வடிந்த பிறகுதான் கிணறு இறைக்க வேண்டும், விதைநெல் வாங்க வேண்டும், வலை பின்ன வேண்டும். எலிக்காய்ச்சலும் அப்போதுதான் வரும். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த பிறகு யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பலிகொண்டதை மறக்க முடியாது. சேற்று வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்க விடாதீர்கள்.

இவை பெரிய காரியங்கள் அல்ல. இந்தப் பள்ளிக்கூடம் எங்களை வரிசையில் நின்று, முறை வரும்போது பேசப் பழக்கியது. அந்தப் பழக்கத்தையே தொலைபேசிக்கும் கொண்டுபோகச் சொல்கிறோம்.

எங்கள் வகுப்பின் பட்டியல் முடிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டின் பெயருக்கும் எதிரே ஒரே ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அந்த அம்மாவின் வீட்டுக்கு எதிரே மகளின் பெயர் இருக்கிறது. மற்றவர்கள் சேர்ந்து அவருக்கு இரண்டு பவர் பாங்க் வாங்கி வந்தோம். ‘இதையும் ஆரும் வந்து சார்ஜ் போட்டுத் தரவேணும்’ என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளை தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

மற்ற வகுப்பினரும் இன்று மாலை கலைந்து போகுமுன் தங்கள் பட்டியலைத் தொடங்குவார்கள் என்று நம்புகிறோம். வாசலில் கொப்பி வைத்திருக்கிறோம்.