தொண்ணூற்றைந்து பேர் சோறும் நம் பிள்ளைகள் படிப்பும்

(நாகர்கோவிலையடுத்த ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று பேசும்படி எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், "மேற்படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கலாமா?" என்பதாகும். இதைப் பேச மேற்படிப்புப் படித்த ஒருவரை நீங்கள் அழைத்திருக்கலாம். நான் மாணவனாகக் கல்லூரி வாசலை மிதித்தது ஒரே ஒரு நாள். அதுவும் பணம் கட்ட முடியாமல் திரும்பி வந்த நாள். ஆனாலும் பசியைப் பற்றிப் பேசுவதற்குச் சாப்பிட்டவனைவிடச் சாப்பிடாதவனுக்கே யோக்கியதை அதிகம் என்கின்ற தைரியத்தில் உங்கள் முன் நிற்கின்றேன்.

தோழர்களே! இப்பொழுது ஒரு கூட்டத்தார், "எதற்கெடுத்தாலும் இலவசம், படிப்புக்கு இலவசம், மாதம் ஆயிரம் ரூபாய் இலவசம், இதனால் ஜனங்கள் சோம்பேறிகளாகிறார்கள், வரிப்பணம் பாழாகிறது" என்று ஓயாமல் பேசி வருகிறார்கள். சர்க்கார் பணத்தில் படிப்பது என்பது என்னமோ நேற்றுத்தான் இந்த நாட்டுக்கு வந்த வியாதி போல இருக்கிறது இவர்கள் பேச்சு. அது நேற்று வந்ததுதானா என்று முதலில் பார்ப்போம்.

இதற்காக நாம் காசிக்கும் போக வேண்டாம், டில்லிக்கும் போக வேண்டாம். நம்முடைய ஜில்லாவிலேயே முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திபசேகரபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கி.பி. 866-இல் ஆய் அரசன் கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து அந்த இடத்தை வாங்கி, அங்கே ஒரு விஷ்ணு கோவிலைக் கட்டி, அதோடு ஒரு சாலையையும் ஏற்படுத்தினான். சாலை என்றால் வண்டி போகிற ரோடு அல்ல. தங்கிச் சாப்பிட்டுப் படிக்கிற கல்விச்சாலை. காந்தளூர்ச் சாலையை மாதிரியாக வைத்து இதை நிறுவியதாகச் செப்பேடு சொல்லுகிறது. அதில் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணாக்கர்களுக்கு, இடம். அந்த 95 பேரும் யார்? வேதம் ஓதுகிற பார்ப்பனப் பிள்ளைகள். அதிலும் 45 இடம் பவிழிய சரணத்தாருக்கு, 36 இடம் தைத்திரீய சரணத்தாருக்கு, 14 இடம் தலவகார சரணத்தாருக்கு என்று பங்கு பிரித்துச் செம்பிலே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள் தோழர்களே! "இட ஒதுக்கீடு" என்றால் நெஞ்சு வலிக்கிறது என்கிறார்களே, ஆயிரத்து நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னமேயே நம் ஊரில் இட ஒதுக்கீடு இருந்திருக்கிறது. "ஸ்காலர்ஷிப்" இருந்திருக்கிறது. ஹாஸ்டலும் இருந்திருக்கிறது. அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்தவன் யார்? நம் பாட்டனுக்குப் பாட்டன். அவன் பிள்ளைக்கு அந்த 95-இல் ஓர் இடம் உண்டா? ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்கு அதை யாராவது "இலவசம்" என்று சொன்னார்களா? "தர்மம்" என்று சொன்னார்கள்!

நிற்க. அது பழங்காலத்துச் சமாச்சாரம் என்று சிலர் சொல்லக்கூடும். பிற்காலத்துத் திருவிதாங்கூரைப் பாருங்கள். ஊர் ஊராக ஊட்டுப்புரைகள் வைத்துப் பார்ப்பனர்களுக்குச் சர்க்கார் செலவில் சோறு போட்டார்கள். ஆறு வருஷத்துக்கொரு முறை திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலில் 56 நாள் முறைஜபம் நடத்தி, வேதம் ஓதினவர்களுக்கு விருந்தும் தட்சிணையும் கொடுத்தார்கள். அதே ராஜ்ஜியத்தில் 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய், ஜனங்களுடைய கல்விச் செலவு முழுவதையும் சர்க்காரே ஏற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். ஆனால் அந்த "ஜனங்கள்" என்கிற சொல்லுக்குள் புலையரும் பறையரும் அடங்கவில்லை. அவர்கள் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளியில் சேர்ப்பதற்கு அய்யன்காளி போராட வேண்டியிருந்தது. சேர்க்கலாம் என்று உத்தரவு வந்த பிறகும், 1914-இல் ஊரூட்டம்பலத்தில் ஒரு பெண் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போனதற்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். ஈழவரான டாக்டர் பல்பு சென்னைக்குப் போய் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று வந்தும், சொந்த ராஜ்ஜியத்தில் உத்தியோகமில்லை என்று சொல்லப்பட்டு, மைசூருக்குப் போய் வேலை பார்த்தார். ஆகவே காகிதத்தில் உத்தரவு வருவது வேறு, பிள்ளை பள்ளிக்குள் போவது வேறு என்பதை நாம் அப்பொழுதே கற்றுக்கொண்டோம்.

பார்ப்பனப் பிள்ளைகள் படித்தது குற்றம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை படித்தாலும் நல்லதுதான். பொதுப் பணத்தில் ஒரு ஜாதி மாத்திரம் படித்தது, மற்றவன் படித்தால் பாவம் என்றது, இவைதான் குற்றம்.

நம் ஜில்லாவின் சங்கதி என்ன? 2011 ஜனக்கணக்குப்படி இங்கே நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிந்தவர்கள். தமிழ்நாட்டிலேயே முதல் ஜில்லா. இது சரஸ்வதி கடாட்சத்தால் வந்ததா? கடாட்சம் என்றால் அது 1809-இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே பள்ளிக்கூடம் வைக்கிற வரையில் ஏன் காத்திருந்தது? அந்தப் பாதிரியார் தம் மதத்துக்காகத்தான் வந்தார். அந்த மதத்தையும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கீழே தள்ளப்பட்டவன் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததை மறைத்துப் பேசுவது யோக்கியமாகாது. அதற்குப் பிறகு தோள்சீலைக்குப் போராடினோம், தெருவில் நடக்கப் போராடினோம், 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். எழுத்து வந்தது இவற்றாலேதான். ஆனால் எழுத்தறிவோடு நின்றால் போதுமா? கையெழுத்துப் போடத் தெரிந்த கூலிக்காரன், கைநாட்டுப் போட்ட கூலிக்காரனைவிட எவ்வளவு உயர்ந்துவிட்டான்?

ஆதலால்தான் மேற்படிப்புக்கும் பணம் வேண்டும் என்கிறோம். சர்க்கார்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1944 முதலே தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு மத்திய சர்க்கார் உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2007-இல் சர்க்கார் கலைக் கல்லூரிகளில் பட்டப்படிப்புக்குப் போதனைக் கட்டணம் எடுக்கப்பட்டது. குடும்பத்தில் முதன்முதல் பட்டம் படிக்கிற பிள்ளைக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு 100-க்கு ஏழரை இடம் 2020-இல் வைத்தியப் படிப்பிலும், 2021-இல் இன்ஜினீயரிங் முதலிய படிப்புகளிலும் ஒதுக்கப்பட்டது.

இவையெல்லாவற்றிலும் ஒரு காரியத்தைத் தாய்மார்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்பவர் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் பாடுபட்ட சுயமரியாதைக்காரர். அவர் பெயரால் வெகுகாலம் கல்யாணத்துக்குப் பண உதவி கொடுத்தார்கள். பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2022-இல் அதே பெயரில், அந்தத் தங்கத்தை நிறுத்தி, சர்க்கார் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றினார்கள். 2024-இல் ஆண் பிள்ளைகளுக்கும் அதே தொகை வந்தது. ஒரு பெண்ணின் கழுத்துக்குப் போன பணம் அவள் அறிவுக்குப் போயிற்று. "தாலிக்குக் கொடுத்ததை நிறுத்திவிட்டார்களே" என்று வருத்தப்பட்ட தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அம்மா! உன் மகள் சம்பாதித்தால் தங்கம் அவளே வாங்கிக்கொள்வாள். தங்கத்தைப் போட்டு அனுப்பினால் அதை அடகு வைக்கிற உரிமைகூட அவளுக்கு இல்லையே!

சரி, இவ்வளவு வந்தும் குறை என்ன? குறை இருக்கிறது தோழர்களே!

முதல் குறை, ஏழை யார் என்று அளக்கிற படி. தாழ்த்தப்பட்ட பிள்ளைக்கு அந்த உதவித்தொகை வேண்டுமானால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2013-இல் வரம்பு கட்டினார்கள். மாதத்துக்கு 20,833 ரூபாய். 2019-இல் முன்னேறிய ஜாதி ஏழைகளுக்கு 10 சதவிகித ஒதுக்கீடு கொடுத்தபோது, அவர்களுடைய ஏழ்மைக்கு வரம்பு எட்டு லட்சம். மாதத்துக்கு 66,666 ரூபாய். "அது இடத்துக்கு, இது பணத்துக்கு, இரண்டும் வேறு" என்பார்கள். இருக்கட்டும். ஒரே தேசத்தில் ஒருவன் மாதம் அறுபதாயிரம் வாங்கியும் ஏழை. இன்னொருவன் 21,000 வாங்கினால் பணக்காரன். இது எந்த ஊர்க் கணக்கு? மனுதர்மக் கணக்கு அல்லாமல் வேறென்ன?

இரண்டாவது குறை, காலதாமதம். பேச்சிப்பாறையில் ஷட்டரைத் திறந்தால் போதுமா? கால்வாய் தூர்ந்து கிடந்தால் கடைவரம்பு வயல் காய்ந்துதான் போகும். இந்தப் பணமும் அப்படித்தான். சில வருஷங்கள் மத்திய சர்க்கார் பெரும் பாரத்தை மாகாணங்களின் தலையில் தள்ளிவிட்டிருந்தது. கூச்சல் எழுந்த பிறகு, 2020 டிசம்பரில், ஐந்து வருஷத்துக்கு 59,048 கோடி ரூபாய், அதில் 60 பங்கு மத்திய சர்க்காருடையது என்று தீர்மானித்தார்கள். டில்லியில் தொகை தீர்மானமானால் நம் வீட்டுப் பிள்ளை கைக்கு வந்துவிடுமா? ஜாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், பாங்குக் கணக்கு. இதில் ஓர் எழுத்துப் பிசகினால் விண்ணப்பம் திரும்பிவிடும். கூலி வேலையை விட்டுத் தாலுகா ஆபீசுக்கு நாலு நாள் அலைந்தால் நாலு நாள் கூலி போச்சு.

என் மைனியின் மகளுக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். கலந்தாய்வில் இடம் கிடைத்தது. சலுகைக்கு உத்தரவும் இருந்தது. கல்லூரிக்காரர் சொன்னது என்ன? "சர்க்கார் பணம் வருகிறபோது வரட்டும், இப்பொழுது முழுத் தொகையையும் கட்டு" என்றார்கள். மைனி காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தாள். சர்க்கார் பணம் பிறகு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது வருவதற்குள் வட்டி வந்துவிட்டதே!

"கடன் கொடுக்கிறோமே, பாங்கில் ஏழரை லட்சம் வரையில் சொத்து ஜாமீன் இல்லாமல் கொடுக்கிறோமே" என்பார்கள். படிக்கிற காலத்துக்கும் அதற்கு மேல் ஒரு வருஷத்துக்கும் ஏழைப் பிள்ளையின் வட்டியைச் சர்க்கார் ஏற்கிற திட்டம் 2009-இல் வந்ததும் உண்மைதான். பிறகு? வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வட்டி ஓடும். பார்த்திபசேகரபுரத்துச் சட்டர் 95 பேருக்கும் கடனா கொடுத்தார்கள்? வேதத்துக்கு மானியம், விஞ்ஞானத்துக்குக் கடனா?

"எங்கள் வரிப்பணம்" என்கிறார்களே, வரி யார் கொடுப்பது? சோப்பு வாங்குகிற பனையேறி கொடுக்கவில்லையா? செருப்பு வாங்குகிற ரப்பர் வெட்டுக்காரன் கொடுக்கவில்லையா? நம் பணத்தில் நம் பிள்ளை படிப்பதற்குப் பெயர் பிச்சையல்ல, பங்கு.

இனி, சர்க்காரை மாத்திரம் வைதுவிட்டு வீட்டுக்குப் போனால் நாம் யோக்கியர்களாகிவிட மாட்டோம். நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

1998-இல் நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினேன். கல்லூரியில் இடமும் கிடைத்தது. கட்டணத்துக்குப் பணமில்லை. என் தகப்பனார் கதிரறுக்கிற தொழிலாளி. ஊரில் கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி பிரித்த பணம் பெட்டியில் இருந்தது. "அறுப்பு முடிந்ததும் திருப்பித் தருகிறேன்" என்று ஊர்ப் பெரியவரிடம் போய்க் கேட்டார். அவர் சொன்னார்: "அது அம்மன் பைசாடே. அதுல கை வச்சா குடும்பம் விளங்காது." என் தகப்பனார் ஒன்றும் பேசாமல் திரும்பினார். அந்த வருஷக் கொடையில் மூன்று நாள் வில்லுப்பாட்டு. விடிய விடிய வெடி. அந்த வரியில் எங்கள் வீட்டுப் பங்கும் இருந்தது! நான் நாகர்கோவிலில் ஓர் அச்சுக்கூடத்தில் காகிதம் மடிக்கப் போனேன். மடித்த காகிதத்தைப் படித்துப் படித்துத்தான் இன்றைக்கு உங்கள் முன் நாலு வார்த்தை பேசுகிறேன்.

அம்மன் பேரில் எனக்குக் கோபமில்லை. இல்லாத ஒன்றின் மேல் கோபித்து என்ன பிரயோஜனம்? அந்தப் பெரியவர் பேரிலும் கோபமில்லை, அவரும் படிக்காதவர். ஆனால் உங்களைக் கேட்கிறேன்: இந்த ஊரில் கொடைக்கு வரி பிரிக்காத வருஷம் உண்டா? ஒரு பிள்ளையின் படிப்புக்கு வரி பிரித்த வருஷம் உண்டா? பரீட்சைக் காலத்தில் பேனாவைச் சாமி காலடியில் வைத்து அர்ச்சனைக்குக் கொடுக்கிற பணத்தில், அந்தப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தோமா?

ஆகவே நான் கேட்டுக்கொள்ளுவது இவைதான். வருமான வரம்பு உயர வேண்டும். படிப்பு தொடங்கும்போதே பணம் வர வேண்டும். பணம் வரவில்லை என்று கல்லூரிக்காரர் பிள்ளையை வெளியே நிறுத்தக்கூடாது. இதற்காக நாம் சர்க்காரிடம் கெஞ்சாமல், உரிமையாகக் கேட்க வேண்டும். அதோடு இந்த ஊரில் படித்த வாலிபர்கள் நாலு பேர் சேர்ந்து, ஜூன் மாதத்துக்கு முன்னே வீடு வீடாகப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், சான்றுகளைச் சரி பாருங்கள். கொடைப் பணத்தில் பாதியை எடுத்துப் படிப்புப் பெட்டி ஒன்று வையுங்கள். சர்க்கார் பணம் வருகிற வரையில் அந்தப் பெட்டி தாங்கட்டும். வந்ததும் திருப்பிப் போடட்டும். அப்பொழுது எந்த மைனியும் காதைக் கழற்ற வேண்டியதில்லை. பாதி தரமாட்டேன் என்று அம்மன் சொன்னால், என்னிடம் வந்து சொல்லுங்கள்.

நான் சொன்னவற்றை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். உங்கள் புத்தியைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள், தப்பென்று பட்டதைத் தள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.