மருத்துவர் வீட்டுப் பிள்ளைகள்

(யூபிலி விழாவின் குடும்ப நாளன்று ஆற்றிய உரை)



 

நம் சேக்காட்டுப் பங்கின் யூபிலி விழாவில் குடும்ப நாளாகிய இன்று, ‘குடும்பமும் மறைபரப்புப் பணியும்’ என்ற பொருளில் சில வார்த்தைகள் பேசுமாறு பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். ஆனாலும் இந்தப் பொருள் கடந்த இரண்டு ஆண்டுகளாக என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருப்பதால், மறுக்க மனம் வரவில்லை. அதை முடிவில் சொல்கிறேன்.

மறைபரப்பு மருத்துவர்கள் என்றதும் நாம் மருத்துவமனையை நினைக்கிறோம், கட்டடத்தை நினைக்கிறோம், குணமான நோயாளிகளை நினைக்கிறோம். அந்த மருத்துவருக்கும் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை நினைப்பதில்லை. இன்று அந்த வீடுகளுக்குள் உங்களை அழைத்துப் போக விரும்புகிறேன்.

முதல் வீடு நமக்குத் தொலைவில் இல்லை. நம் ஆவடிப் பாதையில் ரயிலேறி, அரக்கோணம் கடந்து, காட்பாடியில் இறங்கினால் வேலூர். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர், பெற்றோரையோ பிள்ளைகளையோ அழைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள்தாம். அதைத் தொடங்கியவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். நம் பிரிந்த சகோதரர்கள். நல்லது யார் செய்தாலும் அது கடவுளிடமிருந்தே வருகிறது என்று ஏற்றுக்கொள்ள இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

ஜான் ஸ்கடர் என்பவர் நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு தொழில் நடத்திய மருத்துவர். நோயாளி ஒருவரின் வீட்டில் கிடந்த ஒரு சிறு பிரசுரத்தைப் படித்து மனம் மாறி, 1819-ஆம் ஆண்டு மனைவி ஹாரியட்டோடும் சிறு பெண் குழந்தையோடும் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறினார். மாதக்கணக்கில் கடற்பயணம். கல்கத்தாவில் இறங்கியபின் அந்தக் குழந்தை இறந்துபோனது. பணி தொடங்குமுன்பே குழந்தையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தாய் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்து சேர்ந்தாள். 1836-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. ஹாரியட் 1849-இல் சென்னையிலேயே உயிர் நீத்தாள். ஜான் ஸ்கடர் 1855-இல், உடல்நலம் தேடிப் போன இடமாகிய தென்னாப்பிரிக்காவில் இறந்தார். கணவன் ஒரு கண்டத்தில், மனைவி ஒரு கண்டத்தில் அடக்கம். ஆயினும் அவர்களுடைய ஏழு புதல்வர்கள் இந்தியாவில் பணிசெய்ய வந்தார்கள். நான்கு தலைமுறைகளில் அக்குடும்பத்தவர் நாற்பது பேருக்கும் மேல் இப்பணியில் ஈடுபட்டார்கள்.

இதைக் கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் மகிழ்ச்சியோடு வரிசையாக வந்துவிட்டார்கள் என்று தோன்றும். அப்படி அல்ல. ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தாது வருஷப் பஞ்சத்தில், ஐந்தாறு வயதுக் குழந்தையாக, பசியால் வாடிய பிள்ளைகளுக்கு ரொட்டி பகிர்ந்தவர். பின்பு குடும்பம் அமெரிக்கா போயிற்று. முதலில் தந்தை இந்தியா திரும்பினார். பிறகு தாயும் திரும்பினாள். பதின்பருவப் பெண்ணான ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். பெற்றோரைப் பிரிந்த அந்தப் பிள்ளையின் மனம் கசந்துபோனது. தான் ஒருநாளும் மிஷனரி ஆவதில்லை என்று உறுதி செய்துகொண்டார். இதை நாம் மறைக்கக் கூடாது. பணிக்காகப் பெற்றோர் கொடுத்த விலையில் பாதியைப் பிள்ளைகள்தாம் கொடுத்தார்கள்.

தாய் நோயுற்றதால் அவரைப் பார்த்துக்கொள்ள ஐடா திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவு மூன்று ஆடவர், ஒருவர்பின் ஒருவராக, வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் உயர்குல இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விட அக்கால வழக்கம் இடங்கொடுக்கவில்லை. மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். 1899-இல் பட்டம் பெற்று 1900-இல் திரும்பினார். தந்தையோடு சேர்ந்து வேலை கற்கலாம் என்று வந்தவருக்கு, சில மாதங்களிலேயே தந்தை இறந்துபோன துயரம். வேலூரில் தம் வீட்டின் ஒரு சிற்றறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி. 1909-இல் செவிலியர் பள்ளி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1960-இல் கொடைக்கானலில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மகளைப் பிரிந்து வந்த அந்தத் தாய், முதுமையில் மகளோடு வேலூரில் பல ஆண்டுகள் வாழும் பேறு பெற்றாள்.

இரண்டாவது வீடு கொல்லிமலையில். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் அங்கே பணிசெய்தார்கள். ஜெஸ்ஸி கட்டடத் தொழிலாளி. ஓராண்டு மட்டும் வெப்பநாட்டு நோய்களுக்கு வைத்தியம் பயின்று வந்தவர். அவர்களுடைய மகன் பால், ஒன்பது வயதில், 1923-இல், படிப்புக்காகத் தங்கையோடு இங்கிலாந்தில் விடப்பட்டான். அதன்பின் தந்தையை அவன் பார்க்கவே இல்லை. 1929-இல் கொல்லிமலைக் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோயிற்று. தந்தி விரைவாகப் போயிற்று. கடிதங்களோ கப்பலில் மெதுவாகப் போயின. தந்தை இறந்த செய்தி வந்தபிறகும், தந்தை எழுதிய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பிரித்துப் படித்த அந்தப் பதினான்கு வயதுப் பையனின் நிலையை, பிள்ளை பெற்ற நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பையன்தான் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூருக்கு வந்தார். பின்பு மனைவி டாக்டர் மார்கரெட்டும் வந்தார். அவர் கண் மருத்துவரானார். தொழுநோயாளியின் விரல்கள் நோயினால் தாமே உதிர்வதில்லை; உணர்ச்சி அற்றுப்போவதால், சுடுவதும் வெட்டுப்படுவதும் தெரியாமல் காயப்பட்டே அழிகின்றன என்று பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். பிச்சைக்கு மட்டுமே நீண்ட கைகள் எழுதுகோலையும் தச்சுக் கருவியையும் பிடித்தன. தாய் ஈவ்லினோ, வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்தபிறகும் மலைக்கே திரும்பிப் போய், ஊர் ஊராகச் சென்று பணிசெய்து, 1974-இல் தம் 95-ஆம் வயதில் இறந்தாள். கொல்லிமலையில் கணவனின் கல்லறைக்கு அருகே அவளும் துயில்கிறாள்.

நம் கத்தோலிக்கர் அப்போது எங்கே இருந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. துறவியர் மருத்துவத் தொழில் நடத்தவும் பிரசவம் பார்க்கவும் அக்காலத் திருச்சபைச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் என்ற ஸ்காத்லாந்துப் பெண்மணி முதிய வயதில் கத்தோலிக்கரானவர். இந்தியப் பெண்களின் நிலையைக் கண்டு, அந்தத் தடையை நீக்கும்படி உரோமைக்குப் பலமுறை சென்று மன்றாடினார். பயனைக் காணாமலே 1913-இல் இறந்தார். ஆனால் அவரைப்பற்றி எழுதப்பட்ட ஒரு சிறு நூலை, 1915-இல் ஆஸ்திரேலியாவில் மேரி குளோரி என்ற இளம் மருத்துவர் படித்தார். 1920-இல் பெற்றோரையும் நாட்டையும் விட்டுப் புறப்பட்டு, அன்று சென்னை ராஜதானியில் இருந்த குண்டூருக்கு வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்தார். திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் அளித்த தனி அனுமதியோடு, துறவற உடையிலேயே மருத்துவம் செய்தார். பல ஆண்டுகள் அங்கே அவர் ஒருவரே டாக்டர். தாய்நாட்டுக்கு ஒருநாளும் திரும்பவில்லை. 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கினார். 1957-இல் பெங்களூரில் இறந்தார். 2013-இல் திருச்சபை அவரை இறை ஊழியர் என்று அறிவித்தது.

பொதுவான தடை 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் நீங்கியது. அது எந்த நாள் என்று நம் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லூர்து மாதாவின் திருநாள்.

கடைசியாக ஆப்பிரிக்காவுக்கு வாருங்கள். உகாண்டா நாட்டின் வடக்கே, குலு நகருக்கு அருகில், லாக்கோர் என்னும் இடத்தில் புனித மரியாள் மருத்துவமனை இருக்கிறது. இத்தாலிய மருத்துவர் பியேரோ கோர்ட்டியும், கனடா நாட்டு அறுவை மருத்துவர் லூசில் டீஸ்டேலும் 1961-இல் அங்கே சென்று, அந்த மருத்துவமனையின் சிற்றாலயத்திலேயே திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு மகள் டொமினிக் பிறந்தாள். நாட்டில் போர் மூண்டது. மகளைத் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்ப நேர்ந்தது. தாயோ போரில் குண்டடிபட்டவர்களுக்கு இரவும் பகலும் அறுவை செய்தார். அப்படிச் செய்கையில், நோயாளியின் இரத்தத்தின் வழியே எய்ட்ஸ் கிருமி அவர் உடலில் புகுந்தது. 1985-இல் அது தெரிந்தது. தெரிந்தபின்பும் பதினோரு ஆண்டுகள் லாக்கோரை மறவாமல் உழைத்து 1996-இல் இறந்தார். தனித்து வளர்ந்த மகள் டொமினிக்கும் மருத்துவரானார்.

அவர்கள் பயிற்றுவித்த உகாண்டா நாட்டு மருத்துவர் மாத்யூ லுக்வியா, 2000-ஆம் ஆண்டில் எபோலா என்னும் கொள்ளைநோய் வந்தபோது, வெளியூரில் மனைவி மக்களோடு இருந்தவர், ஓடிவந்து முன்னின்றார். செவிலியர் பலரும் மடிந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவரும் அதே நோயால் இறந்தார். லூசிலின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அன்பானவர்களே, இனி என் வீட்டுக் கதை.

என் மகள் நர்சிங் படித்தவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், சென்னையில் நல்ல வேலை கைக்கு வந்திருந்த நேரம். ஜார்க்கண்டு மாநிலத்தில் ஆதிவாசி மக்கள் நடுவே கன்னியர் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரிக்கு மூன்று ஆண்டுகள் போய் வருகிறேன் என்றாள். நான் கோபப்பட்டேன். கலியாண வயதில் இது என்ன பேச்சு, ஊரில் வேறு வீட்டுப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டேன். அவள் பேசவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவிதான் கேட்டாள்: “உங்களைப் பெறும்போது உங்க அம்மா பிழைக்க மாட்டாங்கன்னு சொன்னாங்களே, அன்னிக்கு ராத்திரி முழுக்கக் கூட இருந்து காப்பாத்தின சிஸ்டர் அம்மா எந்த வீட்டுப் பிள்ளை?”

எனக்குப் பதில் இல்லை. அந்தக் கன்னியர் எந்த ஊரோ, எந்த நாடோ, எனக்குத் தெரியாது. அவரை அனுப்பிவிட்டு ஒரு தகப்பன் எங்கேயோ திண்ணையில் உட்கார்ந்திருந்திருப்பான். அவனுக்கு நான் பட்ட கடனை, ஐம்பது ஆண்டுகள் கழித்து என்னிடம் கேட்கிறார்கள் என்று அன்று உணர்ந்தேன்.

மகள் போய்விட்டாள். கடிதத்துக்குக் கப்பலை எதிர்பார்த்த காலம் இல்லை. இன்று கைப்பேசி இருக்கிறது. ஆனாலும் அங்கே மேட்டில் ஏறினால்தான் தொடர்பு கிடைக்கிறதாம். ஞாயிறு மாலை மேட்டில் ஏறி நின்று பேசுகிறாள். அழைப்பு வராத ஞாயிறுகளில் என் மனைவி செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். வீரமாக அனுப்பினேன் என்று நான் சொல்லமாட்டேன். அனுப்பினேன், அவ்வளவே.

ஆகவே இந்த யூபிலி நாளில் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, உங்கள் பிள்ளை குருத்துவத்தைப்பற்றியோ கன்னியர் வாழ்வைப்பற்றியோ ஏழைகளுக்கான பணியைப்பற்றியோ பேசினால், முதல் வார்த்தையிலேயே வாயை அடைக்காதீர்கள், முழுதும் கேளுங்கள். இரண்டாவது, பணிக்குப் போனவர்களுக்காக மட்டும் அல்ல, வீட்டில் விடப்பட்டவர்களுக்காகவும் மன்றாடுங்கள். நம் பங்கிலிருந்து ஒரு பிள்ளை போயிருந்தால், அந்த வீட்டுப் பெரியவர்களைக் கிறிஸ்துமஸ் அன்றும் பாஸ்கு அன்றும் போய்ப் பாருங்கள். பங்குதான் அவர்களுக்குப் பிள்ளையாக நிற்க வேண்டும். மூன்றாவது, பணிக்குப் போயிருக்கிற பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் கண்ணீரை விசுவாசக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். கசந்து அழுத ஐடாவைத்தான் ஆண்டவர் வேலூருக்கு அழைத்தார்.

தம் ஒரே மகனை அனுப்பிய பிதா, பிள்ளைகளை அனுப்பிய எல்லா வீடுகளையும் அறிவார். நம் பங்கு இன்னும் பல யூபிலிகளைக் காணட்டும். ஒவ்வொரு யூபிலியிலும் சேக்காட்டிலிருந்து போன பிள்ளைகள் என்று வாசிக்க ஒரு பட்டியல் இருக்கட்டும்.