கியர்பாக்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போறோம். விக்கிரவாண்டி டோல்ல நீள வரிசை. எங்க பழைய ஏஎம்டி கார் இஞ்ச் இஞ்ச்சா நகர்ந்துச்சு. விழுப்புரம் வந்தப்போ, ஒவ்வொரு கியர் மாறும்போதும் யாரோ பின்னாடி இருந்து தள்ற மாதிரி ஒரு குலுக்கல். மெக்கானிக் பார்த்துட்டு, "கியர்பாக்ஸே மாத்தணும்"னுட்டார். அப்பா முகமே வாடிப்போச்சு.

2014-ல செலெரியோவோட இங்கே பிரபலமான ஏஎம்டி, உள்ளுக்குள்ள சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம்ம காலும் கையும் செய்ற வேலையை ஆக்சுவேட்டர் செய்யுது, அவ்வளவுதான். கிளட்ச் பிளேட் தேயத் தேய அது பிடிக்கிற இடம் மாறும். கம்ப்யூட்டர் பழைய கணக்கிலேயே இருந்தா வண்டி குலுக்கும்.

அதனால முதல்ல பேட்டரி, ஆக்சுவேட்டர் ஆயில், பிளேட் தேய்மானம் மூணையும் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் ஸ்கேனர் போட்டு கிளட்ச் கேலிப்ரேஷன். புது பிளேட் போட்டாலும் இது கட்டாயம். எங்களுக்கு பிளேட்டும் கேலிப்ரேஷனும் போதுமா இருந்துச்சு. கியர்பாக்ஸை யாரும் தொடலை.

சிவிடி, டார்க் கன்வர்ட்டர் வண்டின்னா கதை வேற. அங்கே முதல்ல கியர் ஆயிலைப் பாருங்க.

கடைசியா ஒண்ணு: மேம்பால ஏத்தத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சு வண்டியை நிறுத்தி வைக்காதீங்க. பிரேக் எதுக்கு இருக்கு?