நான்கு பெயர்கள், ஒரு பாட்டு

பாட்டொன்று பிறந்தால் அதற்கு உரியவர் யார் என்னும் வழக்கும் உடன் பிறப்பது இசையுலகின் வழக்கம். சொல்லைத் தந்தவரா, மெட்டமைத்தவரா, பாடிப் பரப்பியவரா என்று வாதம் எழும். புகழும் பொருளும் சேரச் சேர அவ்வாதம் வளர்ந்து, கூடி இசைத்த நண்பர்களைப் பிரித்துவிடும். அவ்வழக்கிற்கு இடங்கொடாமல் 31 ஆண்டுகள் நிலைத்து நின்ற அமெரிக்க இசைக்குழு ஒன்றைப் பற்றி, நேயர்களே, இன்று நாம் பேச எண்ணுகிறோம். ஆர்.ஈ.எம். என்பது அதன் பெயர்.

அமெரிக்காவின் தென்பகுதியிலே, ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்னும் பல்கலைக்கழக நகரம் உள்ளது. 1980-ஆம் ஆண்டில் நான்கு இளைஞர்கள் அங்கே ஒன்று கூடினர். மைக்கேல் ஸ்டைப் பாடினார். இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துவந்த பீட்டர் பக் கிதார் வாசித்தார். மைக் மில்ஸ் பேஸ் கிதாரையும், பில் பெரி டிரம்ஸையும் ஏற்றனர். அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் நடந்த பிறந்தநாள் விருந்தில் அவர்களது முதற் கச்சேரி நிகழ்ந்தது.

நால்வரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். எப்பாட்டை எவர் ஆக்கினும் நால்வர் பெயரும் அகர வரிசையில் அச்சாக வேண்டும். வருவாய் சமமாகப் பங்கிடப்பட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் ஒரு செயலில் இறங்கலாகாது. பொருளே இல்லாத நாளில் செய்த பங்கீடாதலால் அது எளிதாக முடிந்தது.

அக்காலத்தில் வணிக வானொலி நிலையங்கள் இத்தகைய புதிய இசைக்கு இடந்தரவில்லை. கல்லூரி மாணவர்கள் நடத்திய சிறு வானொலி நிலையங்களே இவர்களை ஆதரித்தன. பின்னாளில் மாற்று ராக் என்று பெயர் பெற்ற இசை அந்நிலையங்களின் வழியே வளர்ந்ததாகும். 1981-இல் சிறு நிறுவனம் ஒன்று இவர்களது முதல் தட்டை வெளியிட்டது. 1983-இல் 'மர்மர்' என்னும் முதற் பெருந்தட்டு வந்தது. முணுமுணுப்பு என்பது அச்சொல்லின் பொருள். பெயருக்கேற்பப் பாடகரின் குரல் கருவிகளுக்கு மேலே எழாமல் அவற்றின் நடுவே கலந்து ஒலித்தது. சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. ஆயினும் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அதனையே அவ்வாண்டின் சிறந்த தட்டாகத் தேர்ந்தது.

1988-இல் வார்னர் பிரதர்ஸ் என்னும் பெருநிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1991-இல் 'அவுட் ஆஃப் டைம்' வெளியாயிற்று. அதிலுள்ள 'லூசிங் மை ரிலிஜன்' என்னும் பாட்டு, பக் மாண்டலின் பயின்றுகொண்டிருந்தபோது உருவானது. அத்தலைப்பு சமயத்தைக் குறிப்பதன்று. பொறுமையின் எல்லையைக் கடத்தல் என்னும் பொருளில் தென்பகுதி மக்கள் வழங்கும் பேச்சு. ஊர்ப்பேச்சில் பிறந்த அத்தலைப்பு உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' தட்டில் 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' என்னும் ஆறுதற் பாட்டு இடம்பெற்றது. அதில் பெரும்பகுதியை ஆக்கியவர் டிரம்ஸ் வாசித்த பெரியே. எனினும் தட்டில் இருப்பவை நான்கு பெயர்கள்தாம்.

உடன்பாட்டிற்குச் சோதனையும் வந்தது. 1995 மார்ச் 1-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, மூளை இரத்தக்குழாய் வீக்கத்தால் பெரி நிலைகுலைந்தார். அறுவை சிகிச்சையால் உயிர் பிழைத்து மீண்டும் மேடையேறினார். ஆயினும், 1997-இல் அவர் விலக விரும்பினார். ஒருவர் பிரிந்தால் குழுவையே கலைத்துவிடுவது என்பது அவர்கள் முன்பு எண்ணியிருந்தது. தாம் விலகுவதால் குழு கலையுமானால் விலகமாட்டேன் என்றார் பெரி. நண்பரைக் கட்டி நிறுத்த மற்ற மூவரும் விரும்பவில்லை; தொடர்ந்து இசைப்பதாக ஒப்பினர். மூன்று கால் நாயும் நாய்தான், ஓடும் வகையை மட்டும் புதிதாகக் கற்க வேண்டும் என்ற கருத்தை ஸ்டைப் வெளியிட்டார்.

அக்கல்வி எளிதாயில்லை. அமெரிக்காவில் விற்பனை குறைந்தது. 2004-இல் வந்த 'அரவுண்ட் தி சன்' பக்கிற்கே நிறைவளிக்கவில்லை. 15-ஆம் பெருந்தட்டை வெளியிட்டபின், 2011 செப்டம்பர் 21 அன்று மூவரும் மனமொத்துக் குழுவைக் கலைத்தனர். வழக்குமன்றம் ஏறவில்லை, ஒருவரையொருவர் தூற்றவுமில்லை.

2024 ஜூன் மாதம் நியூயார்க் நகரில், பாடலாசிரியர் புகழ்மன்றம் இவர்களுக்குச் சிறப்புச் செய்தது. விலகிச் சென்ற பெரியும் உட்பட நால்வரும் அங்கே நின்று மாண்டலின் பாட்டை மீண்டும் இசைத்தனர். சிறப்பு நால்வர்க்கும் பொது; ஏனெனில் பாட்டுகள் நால்வர் பெயரிலும் இருந்தன.

சமப் பங்கீடு நல்ல பாட்டைத் தந்துவிடாது. அதற்குத் திறமையும் உழைப்பும் வேண்டும். ஆனால் ஒருவர் நோயுற்றுப் போக விரும்பும் நாளில், கணக்குத் தீர்க்க வேண்டிய பகை எதுவும் நடுவில் நில்லாதபடி அது காக்கிறது. கூட்டாகத் தொழில் செய்வோர் இதன் அருமையை அறிவர். கையில் ஒன்றும் இல்லாத நாளிலேயே பங்கைப் பேசிக்கொண்ட அந்த நான்கு இளைஞர்கள், தம் பாட்டுகளோடு தம் நட்பையும் பாதுகாத்துக்கொண்டனர்.