முதுமையின் மேல் ஒரு பழி

வயது முதிர்ந்தோர் சோர்ந்து மெலிந்தாலும், நினைவு தடுமாறினாலும், "எல்லாம் முதுமை செய்யும் வேலை" என்று உலகம் எளிதிற் சொல்லிவிடுகின்றது. அப்பழியில் ஒரு பங்கு, சிலரிடத்து, இரைப்பையில் வாழும் சிறு கிருமியொன்றைச் சாரும்.

இரைப்பையின் கடும் அமிலத்தில் எக்கிருமியும் நிலைத்து வாழாதென்றே மருத்துவர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1982 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், றொபின் வொறன், பரி மார்ஷல் என்னும் இருவர் அங்கிருந்தே ஒரு கிருமியை எடுத்து வளர்த்துக் காட்டினர். நம்பாதார் பலராதலின், 1984 இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே அருந்தி இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெலிக்கோபக்டர் பைலோரி எனப்படும் இக்கிருமி, பெரும்பாலும் இளமையிலேயே புகுந்து, மருந்தின்றேல் பல்லாண்டு தங்கிவிடுகின்றது. காலப்போக்கில் சிலருக்கு இரைப்பையின் உட்சவ்வு நலிந்து அமிலம் குறைகின்றது. அமிலம் குறைந்தால், உணவிலுள்ள இரும்புச்சத்தும் பி12 உயிர்ச்சத்தும் உடலிற் செவ்வனே சேர்வதில்லை. இரும்பு குன்றினாற் சோகை வரும். பி12 குன்றினாற் கைகால் விறைப்பும் மறதியும் வரலாம். நீரிழிவுக்காக மெற்போமின் மருந்தை நெடுநாள் உண்போரிடத்தும் பி12 குறைவதுண்டு. அன்னார்க்கு இழப்பு இருவழியாலும் நேரக்கூடும்.

மூச்சையோ மலத்தையோ சோதித்து இக்கிருமியை அறியலாம். கிருமிகொல்லி மருந்துகளோடு அமிலத்தைத் தணிக்கும் மருந்தையும் சேர்த்து, பெரும்பாலும் இரு வாரம் கொடுப்பர். நோய் தணிந்ததென்று இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். ஆகவே, பெற்றோரின் தளர்ச்சியைக் காணும் மக்கள், முதுமையைக் குறைகூறுமுன் மருத்துவரை ஒருமுறை நாடுதல் நன்று.