தெருவும் மன்றமும்



தெருவில் நடப்பதற்கே அறப்போர் நிகழ்ந்த ஊர் சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் கால்வைக்கக் கூடாதெனத் தடுத்திருந்தனர். அத்தடையை எதிர்த்து 1926-இல் தொடங்கிய போராட்டம் 1930-இல் மீண்டும் எழுந்தது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட அறிவிப்பால் கோயிற் கதவும் திறந்தது.

பொதுவிடம் என்பது எவரும் ஈந்த கொடையன்று. போராடிப் பெற்ற உரிமை. அதனைப் பேணும் பொறுப்பு இன்று பேரூராட்சி மன்றத்தினுடையது. குடிநீர், தெருவிளக்கு, சாய்க்கடை, குப்பையகற்றல் ஆகியவற்றில் எத்தெருவுக்கு முதலிடம், எத்தெருவுக்குக் கடையிடம் என முடிவு செய்வது அம்மன்றமே. அம்முடிவு மக்கள் அறியாமல் பிறந்து கோப்பிலேயே உறங்குமானால், பழைய தடை புதுக்கோலம் பூண்டு வந்ததாகாதா?

குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள் 1956 நவம்பர் 1. அந்நாளையே உள்ளாட்சி நாளாக அரசு 2022-இல் அறிவித்தது. அவ்வாண்டு அதே நாளில் நகர்ப்புறங்களில் மக்கள் வினாத் தொடுக்கும் ‘பகுதி சபை’ கூடிற்று. ‘அவை’ என்னும் நற்றமிழ்ச் சொல்லிருக்கச் ‘சபை’ எதற்கு? பெயரைத் திருத்துக, அதனினும் முதன்மையாக, அங்குச் சென்று வினவுக. எம்முடிவு, எவ்வளவு செலவு, எத்தெருவுக்கு என்பதைத் தெளிதமிழில் எழுதி மக்கள்முன் படிக்கச் சொல்க.

தெருவில் கால்வைக்கப் போராடிய ஊர், மன்றத்தின்முன் வாய்திறக்க அஞ்சலாமா?