சாங்கிச் சுவரில் மன்னிப்பு

ஜெபித்தும் துன்பம் தீரவில்லை என்றால், விசுவாசம் போதவில்லையோ என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அவர்களுக்குச் சிங்கப்பூரின் சாங்கியில் ஒரு பதில் இருக்கிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, ஸ்டான்லி வாரன் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை வீரர் போர்க்கைதியானார். கடும் வயிற்றுக்கடுப்பால் முகாம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஓவியம் தெரிந்த அவரிடம், அங்கிருந்த புனித லூக்கா சிற்றாலயத்தின் சுவர்களில் படம் வரையும்படி போதகர்கள் கேட்டுக்கொண்டனர்.

வண்ணங்களுக்குப் பெரும் பஞ்சம். சக கைதிகள் தேடிக் கொண்டுவந்த இராணுவச் சாயத்தையும், பில்லியர்ட்ஸ் கோலுக்குத் தேய்க்கும் நீலச் சுண்ணக்கட்டியையும் வைத்து வரைந்தார். சற்று நேரம் வரைவார், களைத்து ஓய்வார், மீண்டும் எழுவார். இப்படியே ஐந்து ஓவியங்கள் உருவாயின. சிலுவைக் காட்சியில், தம்மை வதைத்தவர்களை மன்னிக்கும்படி இயேசு வேண்டிய சொற்களையே எழுதினார்.

விசுவாசம் முகாமின் கதவைத் திறக்கவில்லை. நோயையும் உடனே போக்கவில்லை. வெறுப்பதற்கு எல்லாக் காரணங்களும் இருந்த இடத்தில், மன்னிப்பை வரைய அந்த நடுங்கும் கைக்குத் தெம்பு கொடுத்தது.

போருக்குப் பின் அந்த நாள்களை மறக்கவே வாரன் விரும்பினார். ஆயினும் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து ஓவியங்களைப் புதுப்பித்தார். 1992இல் மறைந்தார்.

ஆறுதல் என்பது காயமே இல்லாமல் போவதன்று, நேயர்களே. காயத்தோடும் நல்லதைச் செய்ய எழுந்திருப்பது. கண்ணீரோடு ஜெபிப்பவரின் விசுவாசம் ஒருபோதும் குறைந்ததன்று.